ரெண்டு பேர் சேர்ந்து பாடினால் என்ன?



ஆண்டு விழாவுக்குப் பேர் குடுக்குற பலகையை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பாட்டுன்னு வந்தா ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஒண்ணு தனிப்பாட்டு, இன்னொண்ணு குழுப்பாட்டு. ரெண்டு பேர் மட்டும் சேர்ந்து பாட நடுவுல ஒரு கட்டம் வேணும் என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

நம்ம மாங்காட்டில் ஆடி மாசம் வந்தா எல்.ஆர்.ஈஸ்வரி அம்மா குரல்தான். அதை விட்டா அதிகம் கேக்குறது கந்த சஷ்டி கவசம். குன்றத்தூர் முருகன் கோயில் பக்கத்துலயே இருக்கு, கேக்கணுமா! டீக்கடை, ஷேர் ஆட்டோ, பக்கத்து வீட்டுப் பாட்டி போன் எல்லாத்துலயும் அதுதான். எழுதினவர் தேவராய சுவாமிகள். பாடினவங்க சூலமங்கலம் சகோதரிகள். தஞ்சாவூர் மாவட்டத்துல சூலமங்கலம்னு ஒரு ஊர், அந்த ஊர்ப் பேரையே தங்கள் பேரா வச்சுக்கிட்டாங்க. அக்கா ஜெயலட்சுமி, தங்கச்சி ராஜலட்சுமி. ரொம்ப பேரு அதை ஒருத்தர் பாடினதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. எங்க வகுப்புலயே கேட்டுப் பார்த்தேன், பாதிப் பேருக்குத் தெரியல. அவ்வளவு ஒண்ணா இருக்கு!

சிலர் அதைப் "பாட்டி பாட்டு"ன்னு கிண்டல் பண்றாங்க. பண்றவங்க ஒரு தடவை பாடிப் பாக்கட்டும். மொத்தம் சுமார் 20 நிமிஷம். வேகமா போகும், நடுவுல ராகம் மாறும், இடைவெளியே கிடையாது. நானும் என் தோழியும் மதிய உணவு இடைவேளையில வேப்பமரத்தடியில பாடிப் பார்த்தோம். இருபது வரிக்குள்ள மூச்சு வாங்கிடுச்சு. ரெண்டு பேரும் ஒரே இடத்துல மூச்சு விட்டதால பாட்டு நடுவுல ஓட்டை விழுந்தது. அப்புறம் என் தோழிதான் ஒரு வழி கண்டுபிடிச்சா. ஒரு வரி முடிவுல நான் மூச்சு விடணும், அடுத்த வரி முடிவுல அவ விடணும். அப்படிப் பாடினா ஓட்டை தெரியல. ஆனா அதுக்கு அவ எப்போ மூச்சு எடுப்பான்னு நான் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். தனியா பாடும்போது அந்த வேலையே இல்லை.

குழுப்பாட்டுதான் இருக்கே, அதுல சேர வேண்டியதுதானேன்னு கேக்கலாம். குழுவில் பத்துப் பேர். யாராவது வாயை மட்டும் அசைச்சாலும் தெரியாது. (யாருன்னு நான் சொல்ல மாட்டேன்.) ரெண்டு பேர்னா ஒளிய இடமே இல்லை. ஒரு எழுத்து முன்ன பின்ன போனாலும் காட்டிக் குடுத்துடும்.

இதைப் பத்திப் பேசும்போது எங்க ஆங்கில ஆசிரியர் அவர் போன்ல வேற ஒரு பாட்டு போட்டுக் காட்டினார். அமெரிக்காவுல நியூயார்க் நகரத்துல பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல்னு ரெண்டு பேர். அவங்க நம்மள மாதிரி பள்ளிக்கூடத்துல படிக்கும்போது ஒரு நாடகத்துல நடிச்சுத்தான் நண்பர்கள் ஆனாங்களாம். ஒருத்தர் முயல், ஒருத்தர் பூனை! 1957ல பள்ளியில படிக்கும்போதே பாட்டுத் தட்டு வெளியிட்டுட்டாங்க. இவங்க பாடுறது நம்ம சகோதரிகள் மாதிரி இல்லை. சகோதரிகள் ரெண்டு பேரும் ஒரே சுரத்துல பாடுவாங்க. இவங்க ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ, வேற வேற சுரத்துல ஒரே நேரத்துல பாடுறாங்க. கேக்க முதல்ல விசித்திரமா இருந்தது, ரெண்டாவது தடவை பிடிச்சுப் போச்சு. இருந்தாலும் எனக்குச் சகோதரிகள் பாடுறதுதான் கஷ்டம்னு தோணுது. ஒரே கோட்டு மேல ரெண்டு பேர் பேனா ஓட்டுற மாதிரி அது. அமெரிக்காக்காரங்க 1970ல பெரிய பேர் வாங்கின இசைத்தொகுப்பு ஒண்ணு வெளியிட்டுட்டு, அதே வருஷம் பிரிஞ்சுட்டாங்க. சூலமங்கலத்துல தங்கச்சி 1992ல இறந்துட்டாங்க, அக்கா 2017ல. இடையில 25 வருஷம். கடைத்தெருவுல போகும்போது அந்தப் பாட்டு காதுல விழுந்தா அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் யோசிச்சிருக்கேன்.

நம்ம கட்சிக்கே வர்றேன். பாம்பே சகோதரிகள் சரோஜா, லலிதா ரெண்டு பேருக்கும் 2020ல பத்மஸ்ரீ சேர்த்தே குடுத்தாங்க. அரசாங்கமே குடுக்குது! ஆனா போட்டின்னா அப்படி இல்லை. செந்தில் கணேஷ், ராஜலட்சுமி ரெண்டு பேரும் கணவன் மனைவி. மேடை மேடையா நாட்டுப்புறப் பாட்டு சேர்ந்து பாடினவங்க. 2018ல டி.வி. போட்டியில ரெண்டு பேரும் தனித்தனிப் போட்டியாளர். பட்டம் செந்தில் கணேஷுக்கு மட்டும்தான். அவர் நல்லாப் பாடினார், குறை சொல்லல. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து பாடும்போது வர்றதுக்கு அங்க மார்க் இருந்துச்சா?

"ரெண்டு பேர் பாடினா மார்க் யாருக்குப் போடுறது?" என்று ஒரு ஆசிரியர் கேட்டார். ஐயா, மூணு கால் ஓட்டத்துக்கு எப்படிப் போடுறோமோ அப்படித்தான். ரெண்டு பேர் காலையும் கட்டி ஓடவிட்டு ரெண்டு பேருக்கும் டிபன் பாக்ஸ் குடுக்குறோமே!

இதை நான் எனக்காக மட்டும் எழுதல. என் தோழி பிரார்த்தனையில கடைசி வரிசையில நிப்பா. குரல் சின்னது, ஆனா சுருதி விலகவே விலகாது. தனியா மேடை ஏறச் சொன்னா அழுதுடுவா. குழுவில் விட்டா அவ குரல் யாருக்கும் கேக்காது. என் பக்கத்துல நின்னா பாடுறா. இந்தப் பலகையில அவளுக்குக் கட்டமே இல்லை. அவளை மாதிரி ஒவ்வொரு வகுப்புலயும் ரெண்டு மூணு பேர் இருப்பாங்க, கடைசி வரிசையில போய்க் கேட்டுப் பாருங்க.

ஆகவே ஆசிரியர்கள் தயவுசெய்து பலகையில் "இருவர் பாட்டு" என்று மூணாவதா ஒரு கட்டம் போட வேண்டும். மைக் ஒண்ணே போதும், நாங்க ஒட்டி நின்னுக்குவோம். அதுவரைக்கும் வேப்பமரத்தடியில பழகிக்கிட்டுத்தான் இருப்போம். இப்ப நாப்பது வரி வரைக்கும் மூச்சு நிக்குது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி