குறுக்குப் பலகையும் கொடைப் படகும்

ஈழத் தமிழரின் கடலோடி மரபைப் பற்றி எழுதுவோர் 'அன்னபூரணி'யைக் குறிப்பிடத் தவறுவதில்லை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. பெருமைக்குரிய செய்திதான். ஆனால், அதே கரையிலிருந்து இன்று தொழிலுக்குப் போகும் சிறு படகின் இருக்கைப் பலகை எந்த நிலையில் உள்ளது என்று கேட்பார் இல்லை.

பலகைதானே என்று வாசகர் எண்ணக்கூடும். மரவள்ளத்தில் நீர் நிறைந்தாலும் மரம் மிதக்கும். பிடித்துக்கொண்டு உயிர் தப்பலாம். கண்ணாடியிழையோ நீரைவிடக் கனமானது. பின்புறத்தில் இயந்திரம் பூட்டிய படகு நீர் நிறைந்தால், மிதவை இல்லாதவிடத்து மூழ்கிவிடும். அந்த மிதவைப் பஞ்சு பெரும்பாலும் குறுக்குப் பலகைகளின் கீழே அடைக்கப்பட்டிருக்கிறது. இரு பக்கச் சுவர்களும் அலையில் விரிந்து சுருங்காமல் இழுத்துப் பிடித்திருப்பதும் அந்தப் பலகைகளே. ஆக, அது இருக்கை, விலா எலும்பு, உயிர்காப்பு மிதவை ஆகிய மூன்றுமாகும்.

இதை அறியாமல், வலை வைக்க இடம் போதவில்லை என்று நடுப்பலகையை அறுத்தெறிவோர் உளர். உக்கிய பலகைக்குப் பதிலாகக் கிடைத்த பலகையை வைத்து, படகின் சுவரையே துளைத்து இரும்பு ஆணி இறுக்குவோரும் உளர். ஆணி துருப்பிடிக்கும், துளை வழியே நீர் கசியும். பலகையை முன்பிருந்ததைவிட உயர்த்தி வைத்தால், அமர்ந்திருப்பவரின் பாரமும் உயர்ந்து படகு அதிகம் ஆடும். வாடைக்காலத்தில் வடமராட்சிக் கடலில் இத்தவறுகளுக்கு மன்னிப்பில்லை.

சரியான முறை கடினமானதன்று. பழைய பலகையைக் கழற்றியதும் உள்ளிருக்கும் பஞ்சைப் பார்க்கவேண்டும். நீர் ஊறியிருந்தால் அது மிதவையாகாது, சுமையாகும். உட்சுவரைச் சுரண்டித் துப்புரவாக்கி, கடல்நீர் தாங்கும் ஒட்டுப்பலகையின் விளிம்புகளுக்கெல்லாம் பிசின் பூசி, பழைய உயரத்திலேயே பொருத்தி, கண்ணாடியிழைப் பாயைப் பல அடுக்காக ஒட்டிச் சுவரோடு இணைக்கவேண்டும். பிசின் நன்கு இறுகும்வரை படகு கரையிலேயே இருக்கவேண்டும். அந்நாட்களில் உழைப்பில்லை என்பதுதான் ஏழைத் தொழிலாளியை அவசர வேலைக்குத் தள்ளுகிறது.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரைகளில் நன்கொடைப் படகுகள் வந்து குவிந்தன. அவற்றுட் பல தரம் குறைந்தவை என ஐ.நா. உணவு, விவசாய நிறுவனமே அப்போது சுட்டிக்காட்டியது. கொடுக்கும்போது எண்ணிக்கை பார்த்தோம். கொடுத்தபின் பராமரிப்பைப் பார்க்கவில்லை.

என் கருத்து இதுதான். படகைப் பதிவு செய்யும் கடற்றொழில் திணைக்களம், பலகையையும் மிதவையையும் தட்டிப் பார்த்த பின்பே பதிவைப் புதுப்பிக்கவேண்டும். ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் கண்ணாடியிழை வேலை தெரிந்த ஒருவரையாவது பயிற்றுவித்து வைத்திருக்கவேண்டும். புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ஊருக்குப் புதிய படகு வாங்கிக் கொடுத்து அதில் பெயர் எழுதுவது நல்லதே. அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பழைய படகுகளின் பலகைகளைத் திருத்தவும், திருத்தும் நாட்களில் அந்தக் குடும்பங்களின் அடுப்பெரியவும் ஒதுக்குங்கள். பலகையில் உங்கள் பெயர் இராது. அதில் அமர்ந்து சென்றவர் கரை திரும்புவார்.