கணக்கு வராத பிள்ளை



“என் மகனுக்குக் கணக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. படிப்பை நிறுத்தி ஏதாவது வேலையில் சேர்த்துவிடலாமா?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

மைக்கேல் ஃபாரடே 1791-ல் இங்கிலாந்தில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுத, படிக்க, கொஞ்சம் கணக்குப் போடக் கற்றதோடு பள்ளிப்படிப்பு நின்றது. 14 வயதில் லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். அட்டை போட வந்த புத்தகங்களை விரித்துப் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றி வந்த கட்டுரை அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது.

1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டில், ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டதை எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பி வைத்தார். மறு ஆண்டே அவரிடம் உதவியாளராக வேலை கிடைத்தது. கற்ற கைத்தொழில் வீண்போகவில்லை, பார்த்தீர்களா?

1831-ல் ஃபாரடே கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தத்தை நுழைத்து எடுத்தார். காந்தம் அசையும்போது கம்பியில் மின்சாரம் ஓடியது. காந்தம் நின்றதும் மின்சாரமும் நின்றது. அணைக்கட்டிலும் அனல் மின்நிலையத்திலும் சுழலும் ஜெனரேட்டர்களுக்கு இன்றும் இதுதான் அடிப்படை.

அதைவிடப் பெரியது அவர் தந்த புதுப் பார்வை. காந்தத்தின் மேல் காகிதத்தை வைத்து இரும்புத்தூளைத் தூவி, மெல்லத் தட்டிப் பாருங்கள். வளைந்த கோடுகள் தெரியும். காந்தத்தைச் சுற்றியுள்ள இடம் வெறும் சூனியமல்ல, அங்கே விசை பரவியிருக்கிறது என்றார் ஃபாரடே. உயர் கணிதம் அறியாத அவர், அதைப் படமாகவே மனத்தில் கண்டார். மேக்ஸ்வெல் என்ற கணித மேதை 1860-களில் அந்தப் படத்தைச் சமன்பாடுகளாக்கினார். ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்பது அதில் புலப்பட்டது. அந்த வழியில்தான் வானொலி பிறந்தது. ஐன்ஸ்டைன் தம் படிப்பறைச் சுவரில் ஃபாரடேயின் படத்தை மாட்டி வைத்திருந்தார்.

பெற்றோர்களே, கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேக்ஸ்வெல்லின் கணக்கு இல்லாமல் ஃபாரடேயின் கனவு முழுமை பெற்றிருக்காது. ஆனால், ஒரு பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையின் முழு அறிவையும் எடைபோட்டுவிடாதீர்கள். அவன் எதைக் கண்டால் சோறு மறந்து நிற்கிறான் என்று கவனியுங்கள்.

அந்தத் தாயின் மகன், பழுதான வானொலியைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பானாம். அதற்காக அடியும் வாங்குவானாம்.

“அடிக்காதீர்கள் அம்மா, அது எப்படிப் பாடுகிறது என்று அவனையே கேளுங்கள்” என்றேன்.