நான்-மூவிங் என்றால் குப்பையா?

மக்களே, போன வாரம் பழைய நண்பர் ஒருத்தர் போன்ல பேசினார். அவங்க மில்லுல மறுபடியும் "நான்-மூவிங் ஐட்டம் எல்லாத்தையும் கழிச்சுக் கட்டு"ன்னு சர்க்குலர் வந்திருக்காம். கேட்டதுமே எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஸ்டோர்ஸ் பக்கம் போகாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஏபிசி என்று ஒரு வகைப்பாடு உண்டு. வருஷத்துக்கு எவ்வளவு ரூபாய் முழுங்குகிறது என்பதுதான் அதில் கணக்கு. பெரிய பணம் ஏ, நடுத்தரம் பி, சில்லறை சி. இன்னொன்று எஃப்எஸ்என்: வேகமாகப் போவது, மெதுவாகப் போவது, நகராமலே கிடப்பது. பேக்கிங் அட்டைப்பெட்டிக்கு இந்தக் கணக்குகள் பிரமாதம். மெஷின் உதிரி பாகத்துக்கு இதை மட்டும் போட்டால் கதை கந்தல்.

2019. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை, நான் மெயின்டனன்ஸ். சனிக்கிழமை நைட் ஷிப்ட், மணி ஒன்றரை. கம்ப்ரசர் கப்ளிங்கில் இருக்கும் ரப்பர் ஸ்பைடர் பிய்ந்து போச்சு. இன்னொரு கம்ப்ரசரோ ஓவர்ஹாலுக்குப் பிரித்துக் கிடக்கிறது. காற்று இல்லாவிட்டால் ஆட்டோகோனரில் நூலை இணைக்கிற ஸ்ப்ளைசர் வேலை செய்யாது. கோன் ஓடாவிட்டால் காலி பாபின் திரும்பி வராது. பாபின் வராவிட்டால் ஸ்பின்னிங்கும் அம்பேல். விடிவதற்குள் ரிங் ஃப்ரேம்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அந்த ஸ்பைடர் விலை 400 ரூபாய். சி கிளாஸ். நாலு வருஷமாக நகரவில்லை என்று அந்த மார்ச் மாதம்தான் கையிருப்பில் இருந்த இரண்டையும் கழித்து, ரீஆர்டர் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை நஞ்சப்பா ரோட்டில் யார் கடை திறப்பார்கள்? ஃபிட்டர் அண்ணன் பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டிச் செருகி ஓட்டினார். இரண்டு மணி நேரத்தில் அது துண்டு துண்டாகத் தெறித்தது. கார்டு போட்டிருந்ததால் அவர் முகம் தப்பியது.

திங்கள்கிழமை ஸ்பைடர் வந்தது. கூடவே ஸ்டோர் கீப்பருக்கு ஒரு மெமோவும் வந்தது, "ஏன் ஸ்டாக் இல்லை?" என்று. அந்த வருஷம் மனுஷனுக்கு இன்கிரிமென்ட் இல்லை. கழிக்கச் சொன்ன லிஸ்டில் என் கையெழுத்தும் இருந்தது. நான் வாயைத் திறக்கலை.

தீயணைக்கும் சிலிண்டர் கூட நான்-மூவிங்தான். வித்துடலாமா? அச்சாணி சல்லிக்காசுதானே என்று அது இல்லாமலே தேரை இழுப்பீர்களா? உதிரி பாகம் நகராமல் கிடக்கிறது என்றால் மெஷின் நல்லா ஓடுகிறது என்று அர்த்தம் ஐயா!

"அப்போ எல்லாத்தையும் வாங்கிக் குவிக்கணுமா?"ன்னு கேப்பீங்க. வேண்டவே வேண்டாம். முடங்குகிற பணமும் பணம்தான். ரப்பர் அலமாரியிலேயே கிழடாகும், அதுவும் உண்மை. அதுக்குத்தான் விஇடி இருக்கு: வைட்டல், எசென்ஷியல், டிசையரபிள். ஒவ்வொரு பாகத்துக்கும் மூணே கேள்வி. இது இல்லாவிட்டால் எது நிற்கும்? யாருக்கு அடிபடும்? வாங்கிவர எத்தனை நாள்? பாய்லர் கேஜ் கிளாஸ் சில்லறை விலை, ஆனால் வைட்டல். 6205 பேரிங் முக்கியம்தான், ஆனால் தெருவுக்குத் தெரு கிடைக்கும், ஐம்பது வாங்கி அடுக்க வேண்டாம். அலங்கார விளக்கு பல்பு கடைசி வரிசை. பெரிய மோட்டார் மாதிரி விலை கூடின சாமான் என்றால் பக்கத்து மில்லோடு பேசி ஆளுக்குப் பாதி போட்டு ஒன்று வைக்கலாம்.

இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டரில் இல்லை. ராத்திரி மெஷினுக்கு அடியில் படுத்து எழுந்தவனிடம் இருக்கு. அதனால், கழிக்கும் லிஸ்டில் முதல் கையெழுத்து ஃபிட்டருடையதாக இருக்கட்டும். மெஷின் நின்றால் மெமோ அந்த லிஸ்டில் கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும் போகட்டும்.

2019-ல் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் அந்த மெமோ எனக்கும் வந்திருக்கும். வந்திருக்கணும்.