தவளையும் திரையும்

மருத்துவ பீடங்களின் உடற்றொழிலியல் ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் தவளைதான் பாடநூல். அதன் கெண்டைத்தசையை நரம்போடு பிரித்தெடுத்து மின்சாரத்தால் தூண்டுவார்கள். தசை சுருங்க, அதனோடு பிணைத்த ஊசி, சுழலும் உருளையில் சுற்றிய புகைக்கரித் தாளில் கோடு கீறும். ஒரு துடிப்புக்குச் சுமார் பத்தில் ஒரு விநாடி. அதைக் காண ஓர் உயிர் போக வேண்டும்.

2014இல் இந்திய மருத்துவக் கவுன்சில், இளநிலை மாணவர்களுக்கு விலங்குப் பரிசோதனைக்குப் பதிலாகக் கணினிவழிப் பயிற்சியை ஏற்றது. அதற்கு முன்பே புதுச்சேரி ஜிப்மரில் பேராசிரியர் ரவீந்திரன் 'எக்ஸ்பார்ம்' என்ற மென்பொருளை ஆக்கியிருந்தார். மருந்து பட்டால் தவளையின் இதயமும் முயலின் கண்ணும் எப்படி மாறும் என்பதை அது திரையிலேயே காட்டும். நல்ல மாற்றம், தவளையை வெட்டப் பயந்த பிள்ளைகளுக்கு ஆறுதலும்கூட.

ஆனால் 'இனிக் கணினி போதும்' என்று பெற்றோர் சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்தார். வடித்த நீரில் ஆக்கிய கரைசல் என்றே நம்பியிருந்தார். உண்மையில் அது குழாய்நீர்! வடித்த நீரில் மீண்டும் செய்தபோது துடிப்பு விரைவில் தளர்ந்தது. குழாய்நீரிலிருந்த கல்சியமே இதயத்தைத் துடிக்க வைத்தது என்பது அப்படித்தான் 1883இல் வெளியானது. மென்பொருளில் இது நடக்குமா? அதில் தண்ணீர் மாறாது, தசை காயாது, எழுதி வைத்த விடையே திரும்பத் திரும்ப வரும். நாளை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் நமது உம்மம்மாவின் நாடியைப் பிடிக்கப்போகும் பிள்ளைக்கு, எழுதி வைக்காத விடையும் பழக வேண்டாமா?

கணினியை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். மாணவியின் மார்பிலும் கையிலும் உணரிகளைப் பொருத்தினால் இதயத்தின் மின்னோட்டமும் தசையின் இறுக்கமும் திரையில் வரையப்படும். தவளையும் சாகாது, விடையும் முன்கூட்டித் தெரியாது. இங்கே கணினி நடிப்பதில்லை, அளக்கிறது. பல்கலைக்கழகங்கள் பணம் செலவழிக்க வேண்டியது முதலில் இதற்கே.

உயர்தர உயிரியல் வகுப்பில் உணரி இல்லாவிட்டாலும் கடிகாரம் இருக்கிறது. மாடிப்படி ஏறுமுன்னும் ஏறிய பின்னும் முப்பது மாணவிகளின் நாடியை எண்ணிக் கணினி அட்டவணையில் இடட்டும். ஒருத்தியின் எண் மட்டும் தனித்து நின்றால் அதை அழித்துவிடாமல் கேட்கட்டும்: இரவு தூங்கவில்லையா, இன்று நோன்பா, எண்ணியதில் பிழையா?