பழைய லேண்ட்ரோவருக்குப் பெரிய டயர் வேண்டுமா?

பாலிக் பூலாவிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டு பக்கக் கடிதம். சாரம் இதுதான்.

அவருடைய தகப்பனார் தோட்டத்தில் டிரைவராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, தோட்டம் கழித்துப்போட்ட லேண்ட்ரோவர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். சீரிஸ் மூன்று, குட்டைச் சேசிஸ், பெட்ரோல் என்ஜின். மலைச்சரிவில் உள்ள டுரியான் தோப்புக்கு இன்றும் அதுதான் போய் வருகிறது. தகப்பனார் இப்போது இல்லை. தம்பியோ வண்டியை மாற்றியமைத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், முன்னால் வின்ச், கூரையில் நாலு விளக்கு என்று பட்டியல் நீளமாம். கையில் இருப்பது எட்டாயிரம் வெள்ளி. "ஐயா, எதை முதலில் செய்வது? வாரம் ஒருமுறை அம்மாவும் அந்த வண்டியில்தான் தோப்புக்குப் போகிறார்" என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரிக்காகவே இந்த மாதம் முழுப் பக்கத்தையும் இவருக்கு ஒதுக்கிவிட்டேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு லேண்ட்ரோவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துரை வருகிறார் என்பதை முதலில் சொன்னது அதன் சத்தம்தான். மழைக்காலத்தில் செம்மண் சாலை களிமண்ணாகக் குழைந்து, லோரியும் வர முடியாத இரவுகளில், பிரசவ வலியில் துடித்த எத்தனையோ தாய்மார்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்ததும் அந்த வண்டிதான்.

பினாங்கு வாசிகளுக்கு இன்னொரு காட்சியும் பழக்கம். தண்ணீர்மலைப் பக்கம், பூமலைத் தோட்டத்து வாசலுக்கு அருகே தொடங்கிக் கொடிமலை உச்சிக்குப் போகிறதே, அந்த ஜீப் பாதை. ஏறத்தாழ 5 கிலோ மீட்டர். 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலை விட்டால் வண்டியில் மேலே போக வேறு வழியில்லை. நம்முடைய சாதாரணக் கார்களுக்கு அங்கே அனுமதியும் கிடையாது. அனுமதி பெற்ற நாலு சக்கர ஓட்ட வண்டிகள் மட்டுமே ஏறலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே நடக்கப் போகிறவர்கள், கிழட்டு வண்டியொன்று தாழ்ந்த கியரில் முனகிக்கொண்டே, ஆனால் நிற்காமல் ஏறுவதைப் பார்த்திருப்பார்கள். அதன் பலம் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

உடம்பு அலுமினியம், எலும்பு இரும்பு

லேண்ட்ரோவர் 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். பிரிட்டனில் இரும்புக்குப் பங்கீடு. ஆகவே உடற்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். இந்த முடிவு மழை நாடான நமக்குப் பெரிய உபகாரமாயிற்று, மேல் தகடு துருப்பிடிப்பதில்லை. ஆனால் அடியில் இருக்கும் சேசிஸ் இரும்புதான். அது பெட்டி போன்ற குழாய் வடிவம். சேறு உள்ளே புகுந்து தங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும். மேலே பளபளவென்று பெயிண்ட் இருக்கும். அடியில் சுத்தியலால் தட்டினால் பொலபொலவென்று உதிரும்.

சீரிஸ் மூன்று வண்டிகள் 1971 முதல் 1985 வரை செய்யப்பட்டவை. எப்படிப் பார்த்தாலும் நாற்பது வயதை எட்டியவை. ஆகவே முதல் வேலை சேசிஸைத் தட்டிப் பார்ப்பதுதான். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகள், முன் தகட்டின் கால்கள் ஆகிய மூன்று இடங்களையும் விடாதீர்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். அரித்த சேசிஸில் வின்ச் பூட்டினால், இழுக்கும்போது வண்டி வராது, வின்ச்தான் தனியே வரும்.

நாங்கள் செய்த தவறு

இங்கே என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய முப்பத்தைந்து வருடங்களுக்கு முந்தியது. கூட்டாளி ஒருவரிடம் சீரிஸ் இரண்டு லேண்ட்ரோவர் இருந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து, யாரையும் கேட்காமல், அகலமான பெரிய டயர்களை மாட்டினோம். பார்க்கக் கம்பீரம்! டீக்கடையில் நிறுத்தினால் நாலு பேர் சுற்றி வந்து பார்ப்பார்கள்.

ஒரு நாள் மழைக்குப் பிறகு தோப்புக்கு ஏறினோம். பின்னால் அவருடைய ஏழு வயது மகள் உட்கார்ந்திருந்தாள். பாதி மேட்டில் 'டொக்' என்று ஒரு சத்தம். என்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. அவர் கைப்பிரேக்கை இழுத்தார், என்ஜினை அணைத்தார், கால் பிரேக்கை விட்டுவிட்டு இறங்கக் கதவைத் திறந்தார். வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. கைப்பிரேக் இழுத்தபடியே இருக்கிறது, வண்டியோ நிற்கவில்லை! தாவி உள்ளே விழுந்து கால் பிரேக்கை மிதித்தார். பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இரண்டு முழம்கூட இல்லை. நான் கையில் அகப்பட்ட கட்டையைச் சக்கரத்துக்கு அண்டைக் கொடுத்தேன். குழந்தையைத் தூக்கி மேட்டில் உட்கார வைத்த பிறகுதான் எங்களுக்குப் பேச்சே வந்தது. அவளோ அழவில்லை. "அப்பா, ஏன் பின்னால் போனோம்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களுக்குப் பதில் தெரியாது. இன்று சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

சீரிஸ் லேண்ட்ரோவரின் கைப்பிரேக், கார்களில் உள்ளதைப்போலப் பின்சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டியின் பின்னால் ஒரு டிரம் இருக்கிறது. அது பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டைத்தான் பிடிக்கிறது. அங்கிருந்து டிபரன்ஷியல் வழியாக இரண்டு ஆக்சில் ஷாப்டுகள் சக்கரத்துக்குப் போகின்றன. அவற்றில் ஒன்று முறிந்தால், முறிந்த துண்டு சும்மா சுற்றும். அது சுற்றுவதால் மறுபக்கச் சக்கரமும் தாராளமாக உருளும். நீளத் தண்டு பிடிபட்டே இருக்கும், சக்கரங்கள் இரண்டும் ஓடும். கியரில் விட்டு வைத்தாலும் இதே கதிதான்.

ஷாப்ட் ஏன் முறிந்தது? பெரிய சக்கரத்தைச் சுழற்ற அதிக முறுக்கு வேண்டும். கனமும் கூடுதல். சின்ன டயருக்காக அளந்து செய்த ஷாப்ட், பல வருடம் உழைத்த பிறகு, அந்த மேட்டில் கைவிட்டது. அழகு பார்த்து நாங்கள் மாட்டிய டயரே அதை முறித்தது.

வீடு வந்து சேர்ந்தது எப்படி? வண்டி நின்ற நிலையில் சிவப்புப் பிடியைப் பின்னால் இழுத்தோம். தாழ்ந்த கியர் விழுந்தது, முன்சக்கரங்களும் ஓட்டத்தில் சேர்ந்துகொண்டன. முன் ஆக்சிலின் பலத்தில் மெதுவாக ஊர்ந்து வந்தோம். அதைப் புறப்படும்போதே இழுத்திருந்தால், கைப்பிரேக் முன் ஆக்சிலையும் சேர்த்துப் பிடித்திருக்கும். வண்டி உருண்டிருக்காது. சிலர் பெட்ரோல் மிச்சம் பிடிக்க முன்சக்கரங்களில் விடுபடும் பூட்டு மாட்டியிருப்பார்கள். மலை ஏறும் முன் இறங்கி அந்தப் பூட்டைப் போட மறந்தால், நாலு சக்கர ஓட்டமும் இல்லை, இந்தப் பாதுகாப்பும் இல்லை.

எட்டாயிரம் வெள்ளியை எப்படிச் செலவிடுவது?

இனி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பிரேக். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஹப் சீல் கசிந்து எண்ணெய் பட்ட ஷூக்களை மாற்றுங்கள். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. பழைய எண்ணெய் நீண்ட இறக்கத்தில் கொதித்தால் மிதி தரைக்குப் போய்விடும். ஆகவே முழுவதையும் வடித்துப் புதியது ஊற்றுங்கள். குட்டை வண்டியின் 10 அங்குல டிரம்முக்குப் பதிலாக, முன்பக்கம் நீளச் சேசிஸ் வண்டியின் 11 அங்குல டிரம்மைப் பொருத்துவது பலகாலமாகச் செய்துவரும் நல்ல மாற்றம்.

இரண்டாவது ஸ்பிரிங். பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வண்டி குதிரைபோல் குதிக்கும். குதிக்கும் சக்கரத்துக்கு மண்ணில் பிடி இராது. கழற்றி, துருவைச் சுரண்டி, புஷ்களை மாற்றினாலே பாதி வண்டி புதிதாகும். வசதியிருந்தால் பாராபோலிக் என்னும் புதுவகைப் பட்டைகள் போடலாம். பட்டைகள் எண்ணிக்கையில் குறைவு, நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு. இடையில் உரசாததால் சக்கரம் பள்ளம் மேட்டைத் தழுவிக்கொண்டு போகும். அம்மாவின் முதுகும் நன்றி சொல்லும். ஆனால் இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம். உயர்ந்தால் வண்டி சரிவில் கவிழ எளிதாகும். பிரேக் ஹோஸ் நீளம் போதாது, நீளத் தண்டின் மூட்டுகளும் தேயும்.

மூன்றாவது டயர். 7.50-16 அளவு, சேற்றுக்கு உரிய ஆழப் பல் உள்ளது போதும். அகலம் குறைந்த டயர் மேல் சேற்றை வெட்டி அடிக் கெட்டியைத் தேடிப் பிடிக்கும். சறுக்கும் இடத்தில் காற்றை 18 பவுண்டு அளவுக்குக் குறைத்தால் டயர் நீளமாகப் படிந்து பிடி கூடும். செலவே இல்லாத மாற்றம் இது! தார்ச் சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்றை அடைத்துவிடுங்கள்.

நான்காவது ஆக்சில். இன்னும் பலமான உருக்கில் செய்த ஷாப்டுகள் கிடைக்கின்றன. பின் ஆக்சிலுக்கு ஒரு ஜோடி வாங்கிப் போடுங்கள். வின்சுக்கு முன்னால் வாங்க வேண்டியது இதைத்தான்.

ஐந்தாவது தண்ணீர். ஓடை கடப்பவர்கள் ஆக்சிலின் மூச்சுக் குழாயை ரப்பர் குழாயால் உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு வடிதுளை உண்டு. அதற்கான திருகை ஓடைக்கு முன் போட்டு, கடந்த பின் கழற்றிவிடுங்கள். கழற்ற மறந்தால், கசியும் எண்ணெய் உள்ளேயே தங்கிக் கிளட்ச் நழுவும்.

இவ்வளவும் முடிந்து மிச்சமிருந்தால் வின்ச். மரத்தில் கட்டும்போது அகலப் பட்டையைச் சுற்றுங்கள். வெறுங் கம்பி டுரியான் மரத்தின் பட்டையை அறுத்துவிடும். இழுக்கும் கம்பியின் மேல் ஈரக் கோணிச்சாக்கைப் போடுங்கள். கம்பி அறுந்தால் வீசும் வேகத்தைச் சாக்கு கொஞ்சம் அடக்கும். கம்பியின் பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. கூரை விளக்கு கடைசி. அது இல்லாமலே உங்கள் அப்பா இத்தனை வருடம் ஓட்டினார்.

என்ஜினை மாற்றலாமா என்றும் தம்பி கேட்பார். ஜப்பானிய டீசல் என்ஜின் பொருத்தியவர்கள் நம் நாட்டில் பலர். ஆனால் அந்தக் கியர் பெட்டி சுமார் 70 குதிரைத் திறனுக்காகச் செய்தது என்பதை நினைவில் வையுங்கள். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அனுமதி பெறாமல் என்ஜினையோ சேசிஸையோ மாற்றவும் கூடாது. அனுமதியில்லாத மாற்றம் இருந்தால் விபத்துக் காலத்தில் இன்சூரன்சுக்கும் வம்பு வரும்.

மலையிடம் பணிவு

காட்டு ஓட்டத்துக்குப் பேர் போன நாடு நம்முடையது. 1993இல் கேமல் டிராபி சபாவில் நடந்தது. மழைக்காலத்திலேயே வேண்டுமென்று ஓடும் மழைக்காட்டுப் பந்தயம் 1997இல் மலேசியாவில் தொடங்கியது. அங்கே வருபவர்களுக்கு உதவிக்கு ஆள் உண்டு, கூட வண்டி உண்டு. நம் தோப்புச் சாலையில் நாமும் கடவுளும்தான்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புயல்மழை புரட்டிப் போட்டதே, கொடிமலையிலும் பல இடங்களில் மண் சரிந்தது. பாதையே போன பிறகு எந்த டயரால் என்ன பயன்? மழை கொட்டினால் தோப்புக்குப் போகாமல் இருப்பதும் நல்ல ஓட்டுநரின் வேலைதான். இறங்கும்போது தாழ்ந்த கியரில் போட்டு, கிளட்சில் கால் வைக்காமல், என்ஜின் பிடியிலேயே இறங்குங்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் பாடம்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு பொருள். கெட்டி மரத்தில் முக்கோணமாக வெட்டிய இரண்டு கட்டைகள். அவை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். மேட்டில் நின்றால், கால் பிரேக்கிலிருந்து டிரைவர் காலை எடுக்கும் முன்னே மற்றவர் இறங்கிக் கட்டை போட வேண்டும். அம்மா இறங்குவது அதற்குப் பிறகு. என் கூட்டாளியின் மகளுக்கு இன்று கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் கார் வாங்கியபோது நான் கொடுத்த பரிசும் அந்த இரண்டு கட்டைகள்தான். சிரித்தாள், ஆனால் இன்னும் வைத்திருக்கிறாள்.

பாலிக் பூலாத் தம்பி, பெரிய டயரைப் பற்றி அடுத்த வருடம் பேசிக்கொள்வோம். இந்த வருடம் பிரேக்கைப் பாருங்கள். டுரியான் பருவம் முடிந்ததும் ஒரு கடிதம் போடுங்கள்.