மூட்டுக் கிண்ணமும் காமாக் கிரணமும்

இடுப்பு மூட்டுத் தேய்ந்து நடக்க இயலாது போனவர்களுக்கு உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் பொருத்தி நடமாடச் செய்யும் ரண சிகிச்சை இப்போது எல்லாத் தேசங்களிலும் சாதாரணமாகிவிட்டது. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியிலிருந்த ஜான் சார்ன்லி என்னும் வைத்தியர் முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தி, அவை விரைவில் தேய்ந்துபோகக் கண்டு, 1962-ம் ஆண்டு நவம்பரில் மிக நீண்ட சங்கிலிகளையுடைய பாலிதீனுக்கு மாறினார். அவருடைய கீர்த்தியை நாம் குறைத்துக் கூற முன்வரவில்லை. ஆயினும் அக்கிண்ணத்தின் பிற்காலச் சரித்திரத்தில் ஜனங்கள் அறிய வேண்டிய அத்தியாயம் ஒன்றுண்டு.

உடலுக்குள் வைக்கும் பண்டத்தில் கிருமி இருத்தலாகாது. பாலிதீனைக் கொதிநீராவியில் இட்டாலோ உருக்குலையும். ஆகவே கிண்ணத்தைப் பெட்டியிலிட்டு மூடி, கோபால்ட்-60 உமிழும் காமாக் கிரணங்களில் சுமார் 25 கிலோகிரே அளவுக்குக் காட்டுவது வழக்கமாயிற்று. பெட்டிக்குள் இருந்ததோ நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. 1990-களின் நடுப்பகுதி வரையில் இந்த வழக்கம் பரவலாக நீடித்தது.

பாலிதீன் என்பது லட்சக்கணக்கான கரி அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலிகளின் சிக்கல். கிரணம் பாயுமிடத்தில் ஒரு ஹைட்ரஜன் அணு தெறித்து விலக, சங்கிலியில் துணையற்ற கண்ணி ஒன்று உண்டாகிறது. அது அண்டைச் சங்கிலியிலுள்ள தன்னையொத்த கண்ணியைப் பற்றிக்கொண்டால் இரண்டும் பிணைந்து வலையாகும். அணு உலையில் வைத்த பாலிதீன் இவ்வாறு பிணைவதை ஹார்வெல்லில் சார்லஸ்பி என்பவர் 1952-லேயே காட்டினார். பிராணவாயு முந்திக்கொண்டால் விளைவு நேர்மாறு. சங்கிலி துண்டு துண்டாகிறது. எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒரே ஜாதியன்று என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். அமிலத்துக்கும் அஞ்சாத டெஃப்லான் சொற்பக் கிரணத்திலேயே பலமிழந்துவிடும். எளிய பாலிஸ்டைரீனோ தன் பென்ஸீன் வளையங்களின் தயவால் அதைக் காட்டிலும் பன்மடங்கு தாங்கி நிற்கும்.

பாலிதீனில் படிகமாயுள்ள பகுதிகளில் சிறைப்பட்ட கண்ணிகள் ஆண்டுக்கணக்கில் உயிர்த்திருக்கும். அலமாரியில் உறங்கும் கிண்ணத்துக்குள் பிராணவாயு மெல்ல ஊறி அவற்றைத் தேடிப் பிடிக்கும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. குறுக்கே அறுத்துப் பார்த்தாலோ மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே வெள்ளைப் பட்டை ஒன்று தோன்றும். அங்கே பண்டம் நொறுங்கும் தன்மையை அடைந்திருக்கும். இவ்வாறு முதிர்ந்த பிளாஸ்டிக்கைப் பொருத்திய முழங்கால்களில் அது அடுக்கடுக்காக உரிந்தது. தேய்ந்த துகள்களை எதிர்த்து உடல் நடத்திய போரில் சுற்றியிருந்த எலும்பே கரைந்தது. நோயாளிகள் மறுபடியும் கத்திக்கு உட்பட்டனர்.

இதற்காகக் கிரணத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. அதே பாலிதீனுக்கு 50 முதல் 100 கிலோகிரே வரை கொடுத்து, எஞ்சிய கண்ணிகள் ஒழியும்படி பிறகு உருக்கியோ காய்ச்சியோ செய்யும் முறை 1990-களின் இறுதியில் வந்தது. அம்முறையில் செய்த இடுப்புக் கிண்ணங்களின் தேய்மானம் மிகக் குறைந்தது. மறு சிகிச்சையும் குறைந்ததென்று ஆஸ்திரேலிய தேசியப் பதிவேடு காட்டுகிறது. 25 கெடுத்த இடத்தில் 100 காத்தது! காற்றும் காலமும் கவனிக்கப்படாமையே கேட்டுக்குக் காரணம். பிராணவாயுவின் வேலையை ரசாயன சாஸ்திரிகள் 1950-களிலேயே அறிந்திருந்தார்கள். அந்த அறிவு பெட்டியை மூடுவோரின் கைக்கு வந்துசேர நாற்பதாண்டு ஆயிற்று என்பதை எவ்விதம் பொறுப்பது?

பண்டத்தை வாங்குவோன் சோதித்திருந்தால், அச்சோதனையில் புலப்பட்டிருக்க வேண்டிய குறைக்கு விற்றவன்மீது வழக்கில்லை என்று நமது 1930-ம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் கூறுகிறது. மறைந்த குறைக்கு அவ்விலக்குப் பொருந்தாது. மயக்க மருந்தில் கிடக்கும் நோயாளி எதைச் சோதிப்பான்? முத்திரையிட்ட பெட்டியைப் பிரிக்கும் வைத்தியருக்குத்தான் வெள்ளைப் பட்டை கண்ணுக்குத் தெரியுமா?

டிராம்பேயில் வைத்தியப் பண்டங்களுக்கான காமாக் கிரண நிலையம் 1974-ல் தொடங்கியது முதல் இத்தொழில் நமக்கும் சொந்தமாகியிருக்கிறது. முழங்கால் மூட்டுகளின் விலைக்குச் சர்க்கார் 2017-ம் ஆண்டு ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்ததை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் விலை குறைந்த மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை யார் கணக்கிடுவது? ஸ்வீடன் தேசத்தார் முழங்காலுக்கு 1975-லும் இடுப்புக்கு 1979-லும் பதிவேடு தொடங்கிவிட்டார்கள். பொருத்தும் ஒவ்வொரு மூட்டையும் கட்டாயமாகப் பதியும் ஏடு இங்கும் வேண்டும். எத்தனை கிலோகிரே, எந்த வாயுவில், எந்தத் தேதியில், பின்னர் உருக்கப்பட்டதா இல்லையா என்ற நான்கு விவரங்களும் பெட்டியின்மேல் நோயாளிக்குப் புரியும் பாஷையில் அச்சிடப்படவும் வேண்டும். விலையை அச்சிடச் சொல்ல அதிகாரமுள்ள சர்க்காருக்கு இதைச் சொல்லவும் அதிகாரமுண்டு. பார்லிமெண்டில் நம் அங்கத்தினர் எவரேனும் அடுத்த கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்புவாரா?