குளியலறை வடிகால் பெண்களின் கடமையா?



தூய்மையை ஈமானின் பாதியாகச் சொல்லும் நபிமொழியை அறியாத முஸ்லிம் குடும்பம் இல்லை. அதைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் வீடுகளும் உண்டு. அதே வீட்டின் குளியலறையில் கணுக்கால் அளவுக்கு அழுக்கு நீர் தேங்கி நிற்கிறது. குளித்து வெளியே வரும் குடும்பத் தலைவர், "எல்லாம் உன் தலைமுடிதான்" என்று மனைவியைக் கடிந்துவிட்டு மஸ்ஜிதுக்கு விரைகிறார். அடைப்பை எடுக்க அவர் கை நீளுவதில்லை. இது வெறும் சோம்பல் அன்று. மார்க்கத்தைப் பாதியாகப் புரிந்துகொண்டதன் விளைவு.

வடிகாலுக்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். நபி (ஸல்) அவர்களின் கடமையான குளிப்பை விவரிக்கும் அன்னை மைமூனா (ரலி) அவர்கள், இறுதியில் நபியவர்கள் அவ்விடத்தை விட்டு விலகிக் கால்களைக் கழுவினார்கள் என்கிறார்கள். குளிக்குமிடத்தில் நீர் தேங்குமானால் கால்களை இறுதியில் கழுவுவதே பொருத்தம் என்று அறிஞர்கள் இதற்கு விளக்கம் தந்துள்ளனர். குளிக்குமிடத்தில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்து, மனக்குழப்பம் பெரும்பாலும் அதனால் வருகிறது என்று கூறும் ஹதீஸும் உண்டு. இப்னு மாஜா அதைப் பதிவு செய்யும் இடத்திலேயே தம் ஆசிரியர் அலீ பின் முஹம்மது அத்தனாஃபிஸீயின் விளக்கத்தையும் சேர்த்துள்ளார்: அத்தடை நீர் தேங்கும் குழித்தரைக்கு உரியது, காரை பூசிய தரையில் நீரூற்றிவிட்டால் குற்றமில்லை. நீர் ஓடுகிறதா, தேங்குகிறதா என்பதை நம் முன்னோர் சட்ட நுணுக்கமாகவே ஆராய்ந்தனர். நாமோ அதை வேலைக்காரர் விவகாரம் என்று ஒதுக்கிவிட்டோம்.

"முடி பெண்ணுடையது; ஆகவே வேலையும் பெண்ணுடையது" என்ற வாதத்தைப் பார்ப்போம். உதிர்ந்த முடி வலைபோல் பின்னிக்கொள்ளும். உப்புநீரும் சோப்பும் சேர்ந்து உண்டாகும் பிசுக்கும், தலையில் தேய்த்த எண்ணெயும், சீயக்காய்த் தூளும் அதில் படியும். உங்கள் தாடி முடியும் உங்கள் சோப்பும் அந்த அடைப்பில் இல்லையா? நீண்ட கூந்தலின் அடிவரை நீர் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குக் கடமையாக்கியது மார்க்கம். அக்கடமையை நிறைவேற்றும்போது உதிர்ந்த முடிக்காக அவளைக் கடிவது எந்த நியாயம்? நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாம் அந்த ஹதீஸின் பிற்பகுதியை மட்டும் பின்பற்றுகிறோம்.

"ஆசிட் ஊற்றினால் போதுமே" என்பது அடுத்த வாதம். கடைகளில் விற்கும் அந்த ஆசிட் முடியைக் கரைப்பதில்லை. தரையின் சிமென்ட் இணைப்புகளைத்தான் அரிக்கும். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் அதை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த சிறிய குளியலறையில் அதைச் சுவாசிப்பது பெரும்பாலும் நம் தாய்மார்களும் மனைவியருமே. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்கு ஆளாகவும் கூடாது என்ற மார்க்க விதி குளியலறைக்கும் பொருந்தும்.

"காசு கொடுத்தால் ஆள் வருவாரே" என்பது மூன்றாவது. மனிதர் மலத்தை மனிதர் கையால் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் ஆளை இறக்குவதும் அதன்படி குற்றம். அச்சட்டம் நம் குளியலறைத் துளையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் நம் அழுக்கை எடுக்க வேறொரு சமூகத்தார் பிறந்திருக்கிறார்கள் என்ற எண்ணமே அக்கொடுமையின் வேர். ஆதமின் மக்கள் அனைவரும் சமம் என்று நம்பும் நம்மிடம் அந்த எண்ணம் இருக்கலாமா?

வேலையும் பெரிதன்று, பத்து நிமிடம் போதும். கையுறை அணிந்து சல்லடை மூடியைத் திறவுங்கள். பிளம்பர்கள் 'நஹானி ட்ராப்' என்று சொல்லும் அமைப்பு இருந்தால், உள்ளிருக்கும் கிண்ணத்தைத் தூக்கிக் கழுவுங்கள். முனை வளைத்த கம்பியால் முடிச்சுருளை வெளியே இழுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். பிறகு சூடான நீரை ஊற்றுங்கள், பி.வி.சி. குழாய்க்குக் கொதிநீர் ஆகாது. கிண்ணத்தை மறவாமல் மீண்டும் பொருத்துங்கள். அதில் தேங்கும் நீரே துர்நாற்றத்தையும் கரப்பான் பூச்சியையும் தடுக்கிறது. நீர் விரைந்து போகட்டும் என்று அதை எறிந்துவிடுவோர் நாற்றத்தை விலைக்கு வாங்குகிறார்கள். எடுத்த முடியைக் கழிப்பறையில் போடாமல் குப்பையில் சேர்க்கலாம். மண்ணில் புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் அவ்வாறே செய்யலாம். துளையின் மேல் சிறு வலை ஒன்றை இட்டு, குளித்தவரே அதிலுள்ள முடியை எடுத்துவிட்டால் அடைப்பே பெரும்பாலும் வராது.

சகோதரர்களே! ஜும்ஆவுக்காகக் குளிப்பதை நாம் சுன்னத்தாகப் பேணுகிறோம். வரும் வெள்ளியன்று அக்குளிப்புக்கு முன் வடிகாலைத் திறந்து நீங்களே சுத்தம் செய்யுங்கள். பருவமடைந்த மகனையும் அருகில் நிறுத்திக் கற்றுக்கொடுங்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நாம், வயதான தாய் வழுக்கி விழக்கூடிய நீரை வீட்டுக்குள்ளேயே தேங்கவிட்டு எந்தப் பாதையைத் தேடிப் போகிறோம்?

அல்லாஹ் நம் அனைவருக்கும் தூய்மையை விரும்பும் உள்ளத்தையும், அதற்காக உழைக்கும் கைகளையும் தந்தருள்வானாக. ஆமீன்.